கூறைக்கு மூன்று பொட்டு

அத்தியாயம் 6

காலை ஒன்பதரைக்கே அழுதுகொண்டு வருகிறவர்களை பேர்னிஸுக்குப் பிடிக்காது. அவர்களுக்குக் கதிரை போட்டு, கைலேஞ்சி கொடுத்து, மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருப்பதற்குள் தேநீர் பச்சைத் தண்ணீராகிவிடும்.

அன்றைக்கு வந்தவள் கஜானி. வயது இருபத்து நான்கு. மட்டக்களப்புப் புளியந்தீவில் அழகரத்தினம் புடைவை மாளிகையில் கலியாணக் கூறைச்சேலை விற்கும் பிள்ளை. நேற்றுவரை விற்ற பிள்ளை என்று சொல்ல வேண்டும்.

"மிஸ், என்னைக் கள்ளி எண்டு போட்டிருக்காங்க," என்று போனை நீட்டினாள்.

பேர்னிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரின் பொதிப் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மற்றப் பெண்கள் மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டு போனார்கள். இவளோ கோட்டைக்குப் போகும் வீதியில் ஓர் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டினாள். ஊரில் பொய்க்கு என்றைக்கும் பஞ்சம் இல்லாததால் பிழைப்பு ஓடியது.

போனில் தெரிந்தது புடைவை வியாபாரிகளின் வட்சப் குழு. நூற்று நாற்பத்து மூன்று பேர். கஜானியின் படம். கீழே அவளுடைய முழுப் பெயர், ஊர், பிறகு இப்படி: 'இவர் எமது கடையின் கூறைப் படங்களைத் திருடி ஒன்லைன் மோசடிக்காரருக்கு விற்றவர். எவரும் வேலைக்கு எடுக்க வேண்டாம். அழகரத்தினம்.'

"நாலு மணிக்குள்ள ஒத்துக்கொள்ளாட்டி பொலிசுக்குப் போறதாம்," என்றாள் கஜானி. "பொலிஸ் கூடப் பரவாயில்ல மிஸ். எனக்குத் தெரிஞ்ச தொழில் சேலை விக்கிறது ஒண்டுதான். இதுக்குப் புறகு எந்தக் கடைப் படி ஏறுற?"

"படம் எடுத்தியா?" பேர்னிஸ் கேட்டாள்.

"எடுத்தன். அதுதானே என்ர வேலை. இப்ப கூறை எடுக்க வாறவங்க கனடாவில இருக்கிற அக்காவுக்குக் காட்டோணும், லண்டன் மாமிக்குக் காட்டோணும். அவங்க ஓம் எண்டாத்தான் எடுப்பாங்க. நான் படம் எடுத்து அனுப்புவன். எல்லாப் படமும் கடைப் போனுக்கும் போகும்."

"கடைப் போன் ஆரிட்ட?"

"முதலாளிட மேசையில கிடக்கும். மத்தியானம் சாப்பிடப் போகக்குள்ள வீட்டுக்குள்ள கொண்டு போவார். கடைக்குப் பின்னாலதானே வீடு."

வாசல் நிலையில் சாய்ந்து மிக்சர் கொறித்துக்கொண்டிருந்த உதயரூபன் வாயைத் திறந்தான். தொழிலால் அவன் ஓட்டோ ஓட்டுகிறவன். பேர்னிஸின் உதவியாளன் என்பது அவனே தனக்குக் கொடுத்துக்கொண்ட பதவி. "மிஸ், படம் போட்டு விக்கிற அந்த ஒன்லைன் பக்கத்தை நானும் பாத்தன். 'மங்கல வாசல்' எண்டு பேர். கொழும்புக் களஞ்சியமாம். அஞ்சுக்கு நாலு தசம் எட்டு நட்சத்திரம். வானத்தில கூட அவ்வளவு இல்ல."

பக்கத்தைப் பார்த்தாள் பேர்னிஸ். கூறைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரே பச்சைத் தூண். அந்தத் தூணை அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அழகரத்தினம் கடையின் நடுவில் முப்பது வருடமாக நிற்கிற தூண்.

"இதை முதலாளிக்கு ஆர் காட்டினது?"

"செட்டிபாளையத்து தக்ஷாயினி அக்கா. வாற வெள்ளி அவக்குக் கலியாணம். போன மாசம் கடைக்கு வந்து பதினொரு கூறை உடுத்துப் பாத்தா. ஒண்டு பிடிச்சிருந்திச்சி. அம்மாட்ட கேட்டுட்டு வாறன் எண்டு போனா. வரல்ல. அதே சேலையை இந்தப் பக்கத்தில நாலாயிரம் குறைவாக் கண்டு அங்க எடுத்திருக்கா. வந்தது குப்பை. நேத்து வந்து கடையில நிண்டு கத்தினா."

பேர்னிஸுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. பதினொரு சேலையை இன்னொருத்தி கையால் விரித்து, கொசுவி, மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, கடைக்காரர் ஊற்றிக் கொடுத்த சோடாவையும் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு விரலால் வாங்குகிற சாதி. வந்தது குப்பையென்றால் மட்டும் கால் வலிக்காமல் கடைக்கு நடந்து வருவார்கள்.

"நீ இஞ்ச இரி பிள்ள," என்று எழுந்தாள். "தேத்தண்ணி ஊத்திக் குடி. உதயா, ஓட்டோவை எடு."

*

கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடியின் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து, ஆரையம்பதி கடந்து ஓட்டோ தெற்கே செட்டிபாளையத்துக்குப் போனது. ஒரு பக்கம் கடல் காற்று, மறு பக்கம் வாவிக் காற்று. வழியில் மூடியிருந்த கடைகளை உதயரூபன் எண்ணிக்கொண்டு வந்தான். திறந்திருந்த கூரியர் கந்தோர்களையும் எண்ணினான். இரண்டாவது கணக்குத்தான் கூடுதலாக வந்தது.

"சனத்துக்கு விசர்," என்றாள் பேர்னிஸ். "தொட்டுப் பாக்காம சாமான் வாங்குறது. படத்தைப் பாத்து மாப்பிள்ளை எடுத்தவள் பட்ட பாடு தெரியாதா இவளுகளுக்கு?"

"ஓம் மிஸ். ஆரோ ஒரு ஆள் ஆறடிக் கால்மிதி எண்டு ஓடர் பண்ணி, கைலேஞ்சி அளவில ஒண்டு வந்திச்சாம்."

பேர்னிஸ் வெளியே பார்த்தாள். அந்தக் கால்மிதி இப்போது அவளுடைய அறையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தது. "ரோட்டைப் பாத்து ஓடு," என்றாள்.

தக்ஷாயினியின் வீட்டு முற்றத்தில் கலியாணப் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் கோபத்திலும் கவலையிலும் முகம் வீங்கிப்போய் இருந்தாள். கேட்டவுடன் பொதியைக் கொண்டு வந்து போட்டாள். அனுப்பியவர் என்ற இடத்தில் 'மங்கல வாசல், கொழும்பு' என்று மட்டும் இருந்தது.

பேர்னிஸ் அதைத் தூக்கிப் பார்த்தாள். படத்தில் அரக்குப் பட்டு. கையில் இருந்தது ஜன்னலில் தொங்கவிடவும் யோசிக்க வேண்டிய ஒரு துணி. சரிகை என்று ஒட்டியிருந்தது நகத்தால் சுரண்டினால் கழன்றது.

"இதை உடுத்துக்கொண்டு மணவறைக்குப் போனா ஐயர் மந்திரம் சொல்ல மாட்டார், சிரிப்பார்," என்றான் உதயரூபன்.

"சும்மா இரிங்க தம்பி, பிள்ளை ரெண்டு நாளாச் சாப்பிடல்ல," என்றாள் தாய்.

பேர்னிஸ் துணியைத் திருப்பினாள். முந்தானை மூலையில் மங்கலாக மூன்று புள்ளிகள், ஒரு வரிசையில். "இது என்ன ஊத்தை?"

"வரக்குள்ளயே இருந்திச்சி," என்றாள் தக்ஷாயினி. "வீடியோ இருக்கி. கூரியர்காரர் வாசல்ல நிக்கக்குள்ளயே பொதியை வெட்டி வீடியோ எடுத்தன். ஏமாத்தினா ஆதாரம் வேணும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கதானே."

ஏமாறுவோம் என்று முன்கூட்டியே தெரிந்து, கமராவும் பிடித்துக்கொண்டு ஏமாறுகிற காலம் இது. பேர்னிஸ் வீடியோவைப் பார்த்தாள். கத்தரி வெட்டியது, பை கிழிந்தது, துணி விரிந்தது. மூலையில் மூன்று புள்ளிகள், அப்போதே இருந்தன.

உதயரூபன் மூலையை மூக்கருகே கொண்டு போனான். அவன் முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. "மிஸ், இது ஊத்தை இல்ல. மஞ்சள். அதுவும் கறிக்குப் போடுற தூள் இல்ல. கிழங்கைக் கல்லில உரைச்ச மஞ்சள்."

"நீங்க வைச்சதா?" பேர்னிஸ் தாயைக் கேட்டாள்.

"இந்தச் சாக்குக்கு மஞ்சள் ஒரு கேடா? நாங்க தொடவே இல்ல."

"எங்கட பறங்கி ஆக்கள் கலியாணத்துக்கு வெள்ளைக் கவுண்," என்றாள் பேர்னிஸ். "அதில மஞ்சள் பட்டா தைச்சவளை அடிக்கப் போவாங்க. இது என்னத்துக்கு உதயா, விளங்கச் சொல்லு."

"புது உடுப்பு எண்டா மூலையில ஒரு பொட்டு மஞ்சள் வைச்சிட்டுத்தான் உடுப்பம் மிஸ். கூறை எண்டா கட்டாயம். இல்லாட்டி மங்கலம் இல்ல. ஆனா அதை வீட்டிலதான் வைப்பாங்க. கொழும்பில ஒருத்தன் நாளைக்கு ஆயிரம் பொதி கட்டுறவன். அவன் விலாசத்தை நேரா ஒட்டினாலே பெரிய விசயம். அவனா குந்தியிருந்து மஞ்சள் கிழங்கு உரைப்பான்?"

பேர்னிஸ் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆயிரக்கணக்கான பொதிகளைக் கையால் தூக்கிப் பார்த்தவள் அவள். கட்டுகிறவனின் கை எப்படியும் பொதியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு பக்தியோடு ஏமாற்றுகிற கையை அவள் கண்டதில்லை.

"கொழும்பு இல்ல," என்றாள். "மட்டக்களப்பு. பச்சைத் தூணுக்குக் கிட்ட."

*

திரும்பி வரும்போது இருவருக்கும் ஒரே ஆள்தான் மனதில் இருந்தார். அழகரத்தினம். போன மாதம்தான் தன் கடை வாசலில் ஒலிபெருக்கி கட்டி, 'இணையச் சந்தை எமது வயிற்றில் அடிக்கிறது' என்று ஒரு மணி நேரம் முழங்கியவர். படங்கள் இருந்த போன் அவருடைய மேசையில். தூண் அவருடைய தூண்.

"மேடையில விரதம், குசினிக்குள்ள மீன் கறி," என்றான் உதயரூபன். "பழியைப் போட ஒரு ஏழைப் பிள்ளை. வசதியான ஏற்பாடு மிஸ்."

"அவர் வாயாலேயே எடுப்பம்," என்றாள் பேர்னிஸ்.

கஜானியையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. உள்ளே இரண்டு பெண்கள் கண்ணாடிக்கு முன்னால் சேலைகளைத் தோளில் போட்டுப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விலைச் சீட்டையும் கிட்டப் பிடித்து எடுத்தாள். அழகரத்தினம் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் மேசையில் இருந்தார். வெள்ளைச் சேட்டு, நெற்றி நிறைய விபூதி. கஜானியைக் கண்டதும் எழுந்தார்.

"ஒத்துக்கொள்ள வந்தியா?"

"அவ நிக்கட்டும் முதலாளி. நான் ஒரு கூறை பாக்க வந்தன்," என்று பேர்னிஸ் கதிரையில் இருந்தாள்.

"உங்கட ஆக்கள் கூறை உடுக்கிறல்லயே மிஸ்."

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. ஒன்லைன்ல எடுக்கலாம் எண்டு சொல்லுறாள். நான்தான் வேண்டாம், அழகரத்தினம் முதலாளிட கடையில என்ன விசேசம் எண்டு கேட்டுக்கொண்டு வாறன் எண்டன்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஒன்லைன்காரன் துணியை விப்பான் மிஸ். நான் மங்கலத்தைக் குடுக்கிறன். முப்பது வருசமா இந்தக் கடையில இருந்து ஒரு கூறை கூட மூண்டு பொட்டு மஞ்சள் இல்லாம வெளிய போனதில்ல. முந்தானை மூலையில, ஒரு வரிசையில மூண்டு. வேற எந்தக் கடையிலயும் இந்தப் பழக்கம் இல்ல. கேட்டுப் பாருங்க."

உதயரூபன் இருமினான். பேர்னிஸ் பையின் வாயில் கையை வைத்தாள். ஆளை அமுக்க ஒரு கேள்வி போதும். "கிழங்கு உரைச்சு வைப்பீங்களோ? கையெல்லாம் மஞ்சளாப் போகுமே முதலாளி."

"நானா?" அழகரத்தினம் சிரித்தார். "ஆம்பிளை கூறைக்கு மஞ்சள் வைக்கிறதா? நல்ல கதை. கழுத்தில தாலி இருக்கிற பொம்பிளைதான் வைக்கோணும். நான் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதே இல்ல."

பேர்னிஸின் கை பையிலேயே நின்றது. வரும் வழி முழுக்கக் கட்டிக்கொண்டு வந்த வழக்கு காலடியில் சரிந்தது. பொய் சொல்கிறவன் இப்படிப் பெருமைப்பட மாட்டான். இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

"அப்ப கஜானி வைப்பாள்," என்றாள் மெதுவாக.

"கலியாணம் ஆகாத பிள்ளையா? விரல் நுனி படவும் விடமாட்டன். வீட்டுக்குள்ள வைச்சு என்ர மனிசி மட்டும்தான். கல்லும் கிண்ணமும் அவட சாமி அறையில. வேற ஒரு ஆள் தொட்டதில்ல."

ஒலிபெருக்கி இல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். பேர்னிஸ் துணியை எடுத்து மேசையில் விரித்தாள். மூலையை அவர் பக்கம் திருப்பினாள். மூன்று பொட்டு, ஒரு வரிசையில்.

"இது செட்டிபாளையத்துக்கு வந்த ஒன்லைன் பொதி முதலாளி. பை வெட்டின வீடியோவும் இருக்கி. இந்தப் பிள்ளை இதை வைச்சிருக்க ஏலா எண்டு இப்ப நீங்கதான் சொன்னீங்க. உங்கட கையும் இல்ல. மிச்சம் ஆரு?"

அழகரத்தினம் மூலையைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்ற பெண்கள் படம் எடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு அவர் பின்கதவைப் பார்த்து, "இலட்சுமி, இஞ்ச வா," என்றார்.

இலட்சுமிப்பிள்ளை வந்தாள். துணியைக் கண்டாள். மறுக்கவில்லை.

"நீங்க வாசல்ல நிண்டு ஒன்லைன் கூடாது எண்டு கத்தினீங்க," என்றாள் கணவனிடம். "உள்ளுக்க தைப்பொங்கலுக்குப் புறகு ஒரு கூறை போகல்ல. வாறவளுகள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு போறாளுகள். அந்தப் படமெல்லாம் நம்மட போனிலயும் கிடந்திச்சி. நான் பக்கம் திறந்தன். முதல்ல அலுமாரியில கிடந்த நம்மட பழைய கூறையத்தான் அனுப்பினன். சனம் நட்சத்திரம் போட்டிச்சி. புறகு அதே ஒன்லைன் சந்தையில படத்தைப் பாத்து நானும் மொத்தமா எடுத்தன். வந்தது இந்தக் குப்பை. வித்தவன் திருப்பி எடுக்க மாட்டன் எண்டுட்டான்."

"அதைப் பிள்ளைகளிட தலையில கட்டினீங்க," என்றாள் பேர்னிஸ். "மஞ்சளும் வைச்சு."

"கூறை எண்டு ஒரு பொம்பிளைப்பிள்ளைக்குப் போறது மிஸ். மஞ்சள் இல்லாம அனுப்ப மனம் வரல்ல."

"துணியில ஏமாத்தலாம், பொட்டில ஏமாத்தினாப் பாவம். நல்ல கணக்கு அம்மா. இந்தப் பிள்ளைட பேரில கரி பூசக்குள்ள அந்த மனம் எங்க போனது?"

இலட்சுமிப்பிள்ளை கஜானியைப் பார்க்கவில்லை. "ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்திடுவாங்க எண்டு நினைச்சன்."

அழகரத்தினம்தான் முதலில் வழிக்கு வந்தார், வியாபாரி அல்லவா. போனை எடுத்து அவசரமாகத் தட்டினார். "குழுவில போட்டுட்டன். முடிஞ்சுது பிரச்சினை," என்றார்.

கஜானி தன் போனில் அதை வாசித்தாள். 'ஒரு தவறான விளக்கம் ஏற்பட்டிருந்தது. விடயம் சுமுகமாக முடிந்தது. நன்றி.'

"முதலாளி," என்றாள். அழுகை போய்க் குரல் வறண்டிருந்தது. "கள்ளி எண்டக்குள்ள என்ர பேர் போட்டீங்க. படம் போட்டீங்க. ஊரும் போட்டீங்க. இதில ஏன் ஒருத்தர்ட பேரும் இல்ல?"

"குடும்ப மானம் பிள்ள. விளங்கிக்கொள்ளு."

"எங்கட வீட்டிலயும் குடும்பம்தான் இருக்கி."

அழகரத்தினம் விபூதியைத் துடைப்பதுபோல் நெற்றியைத் தடவினார். அவர் கையில் இருந்த போனை இலட்சுமிப்பிள்ளை வாங்கினாள். குரல் பதிவுப் பொத்தானை அழுத்தி வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"நான் அழகரத்தினம் முதலாளிட மனிசி இலட்சுமிப்பிள்ளை கதைக்கிறன். மங்கல வாசல் எண்ட பக்கம் என்ர. கடைப் போன்ல இருந்த படத்தை அதில போட்டது நான். குப்பைச் சேலை அனுப்பினது நான். கஜானி ஒண்டும் செய்யல்ல, அவளுக்கு ஒண்டும் தெரியா. கேட்ட எல்லாரும் இதை மற்றாக்களுக்கும் சொல்லுங்க."

விரலை எடுத்தாள். போனது. குழுவில் இருந்த அத்தனை பேரின் போன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கியிருக்கும்.

பிறகு அலுமாரியைத் திறந்து, தக்ஷாயினி உடுத்துப் பார்த்து விட்டுப்போன அரக்குக் கூறையை எடுத்து பேர்னிஸிடம் நீட்டினாள். "வெள்ளிக்கு முதல் குடுத்திடுங்க மிஸ். மஞ்சள் வைக்கல்ல. அது அந்தப் பிள்ளைட தாய் வைக்கட்டும்."

கண்ணாடிக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களும் தோளில் கிடந்த சேலைகளைக் கழற்றிப் போட்டார்கள். "அம்மாட்ட கேட்டுட்டு வாறம்," என்றாள் ஒருத்தி. இரண்டு பேரும் படியிறங்கும்போதே போனில் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

அழகரத்தினம் விரிந்து கிடந்த சேலைகளைப் பார்த்தார், பிறகு கஜானியைப் பார்த்தார். அவற்றை மடிக்கத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். "நடந்தது நடந்து போச்சு பிள்ள. நாளைக்கு ஒன்பதுக்கு வந்திடு. சம்பளமும் கூட்டித் தாறன். என்ன?"

கஜானி செருப்பை மாட்டினாள். முகத்தில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

"அம்மாட்ட கேட்டுட்டு வாறன் முதலாளி," என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் போய் ஏறினாள்.

முப்பது வருடம் கடை நடத்தியவர் அவர். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.